நிறம் நீங்கிய நீரும் நிலத்தின் நலமும்

கொத்தவரை விதைப் பிசின், புளியங்கொட்டை மாவு, மரநார் முதலிய தாவரப் பொருள்களிலிருந்து ஹைட்ரோஜெல் என்னும் ஒருவகைப் பாகு தயாரித்து, அதனால் ஆலைக் கழிவுநீரைச் சுத்தி செய்யும் முறை ஆராய்ச்சி சாலைகளில் பல ஆண்டுகளாகப் பரிசோதிக்கப்பட்டு வருகிறது. நம் வயலில் விளையும் பொருளால் நம் நீர் தெளியுமாயின் அதனை வரவேற்காதார் யார்? ஆயினும், இம்முறை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைக் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

இப்பாகு சாதாரணப் பசையைப்போல நீரில் கரைந்துவிடாது. அதன் இழைகள் வலைபோல் பிணைக்கப்பட்டிருப்பதால், நீரை உட்கொண்டு பருத்து நிற்கும். அவ்வலையில் எதிர்மின் தன்மையுடைய இடங்களை அமைத்தால், ஈயம், செம்பு, காட்மியம் போன்ற உலோகங்களையும் சிலவகைச் சாயங்களையும் பற்றிக்கொள்ளும். நீர்த்த அமிலத்தால் கழுவினால், உலோகத்தை விட்டு மீண்டும் உபயோகத்திற்கு வரும்.

ஆனால் சாயக் கழிவில் நமது நிலத்திற்குப் பெருந்தீங்கு இழைப்பது உப்பேயாகும். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றுங்கால் சமையல் உப்பையோ சோடியம் சல்பேட்டையோ மிகுதியாக இடுகின்றனர். துணி சாயத்தைக் கொள்கிறது. உப்போ நீரோடு வெளியேறுகிறது. இவ்வுப்பைத் தாவரப் பாகு நீக்குவதில்லை. உப்பு மிகுந்த நீரில் பாகு பருப்பதும் குறையும். ஆகவே கண்ணுக்குத் தெளிந்த நீரும் பயிரைக் கெடுக்கக் கூடும். சோடியம் மிகுந்த நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் மண் இறுகிக் களராகும்.

இதற்கு நொய்யல் ஆறே சான்று. பாசனத்திற்கென 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. கீழ்ப்பாசனக் குடிகள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீர் சிறிதும் வெளியேறாத ஏற்பாட்டைச் செய்துகொள்ளாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நிறத்தை மாத்திரம் நீக்கும் எந்த முறையும் அவ்வேற்பாட்டிற்கு ஈடாகாது.

ஆதலின் என் அபிப்பிராயம் இதுவே. இப்பாகு முதற்படிச் சுத்திகரிப்பாகப் பட்டறைக்குள்ளேயே இருக்கட்டும். அதைக் காட்டி, நீர் சுத்தமாயிற்று, வாய்க்காலில் விடலாம் என்று எவரேனும் கூறின் இசையலாகாது. முதலில் அந்நீரின் மாதிரியைப் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பி, மின்கடத்துதிறனையும் சோடியத்தின் அளவையும் அறிந்துகொள்க. மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமனுக்கு மேற்பட்டால், அந்நீர் பல பயிர்களுக்கு ஏற்றதன்று. உலோகம் பற்றிய பழம்பாகைத் தாவரப் பொருள்தானே என்று எருக்குழியில் இடுதலும் கூடாது. நீரிலிருந்து எடுத்த நஞ்சு மண்ணில் சேரும். கிராம அதிகாரிகள் ஒவ்வொரு பரிசோதனையின் முடிவையும் தேதியுடன் பதிவு செய்து வைப்பாராக. வழக்கு நேரிடுங்கால் அப்பதிவே குடிகளுக்குத் துணையாகும்.