ரசீது எங்கே, மாமி?

அடுக்கு மாடி வீடுகளில் சங்கம் என்று ஒன்று உண்டு. அதில் தலைவர் பதவிக்குப் போட்டி நடக்கும். பொருளாளர் பதவிக்கு மட்டும் ஆள் கிடைக்காது. "எனக்கு ஆபீஸ் வேலையே தலைக்கு மேல் இருக்கிறது, ஸார்!" என்று ஆண்கள் நழுவிவிட, கடைசியில் அந்தக் கணக்கு நோட்டு யாராவது ஒரு மாமியின் கைக்குத்தான் வந்து சேரும்.

மாமி லேசுப்பட்டவரா? எக்ஸெல்லில் கணக்கை ஏற்றி, கல்லூரியில் படிக்கும் தம்பி பிள்ளையைக் கொண்டு ஒரு 'மாக்ரோ'வும் எழுதி வாங்கிக்கொள்கிறார். பொத்தானை ஒரு தரம் அமுக்கினால் 24 வீட்டுக்கும் ரசீது தயார். மூன்று மாதம் சிக்கல் இல்லை. நாலாவது மாதம் அமுக்குகிறார். 'முடிந்தது' என்று வழக்கம்போல் பெட்டி தோன்றுகிறது. ஃபோல்டரைத் திறந்தால் அங்கே ரசீதுகளைக் காணோம்!

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல. ஆண்டுக் கூட்டத்தில் யாராவது எழுந்து, "பணம் வாங்கிக்கொண்டீர்கள், ரசீது எங்கே மாமி?" என்று கேட்டுவிட்டால், ஒரு காசுக்கும் கணக்கு வைத்திருக்கிற மனுஷிக்கு எப்படி இருக்கும்?

ரசீது காணாமல் போகவில்லை. வேறெங்கோ போய் உட்கார்ந்திருக்கிறது. மாக்ரோவில் தம்பி பிள்ளை கோப்பின் பெயரை மட்டும் எழுதியிருப்பான். எந்த ஃபோல்டர் என்று எழுதியிருக்க மாட்டான். "வீட்டில் கொண்டு போய் வை" என்று மட்டும் சொன்னால் கடைப் பையன் அரிசி மூட்டையைத் திறந்திருக்கிற வாசலில் இறக்கிவிட்டுப் போவானல்லவா? எக்ஸெல்லும் அப்படித்தான். அந்த நேரத்தில் தன் 'நடப்பு ஃபோல்டர்' எதுவோ அதிலே போட்டுவிடும். சாதாரணமாக அது 'டாகுமெண்ட்ஸ்'. நடுவில் நீங்கள் 'ஓப்பன்' பெட்டியின் மூலம் பெண்ணின் கல்யாணப் பட்டியலைத் திறந்து பார்த்திருந்தால், நடப்பு ஃபோல்டர் அங்கே மாறியிருக்கும். சங்கத்து ரசீதெல்லாம் கல்யாணப் பட்டியலுக்குப் பக்கத்தில்!

பரிகாரம் எளிது. மாக்ரோ இருக்கும் புத்தகம் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ, அதன் விலாசத்தை 'திஸ்ஒர்க்புக்.பாத்' என்ற சொல் தரும். கோப்பின் பெயருக்கு முன்னால் அதைச் சேர்த்துவிட்டால் போதும். 'ஆக்டிவ்ஒர்க்புக்' என்று எழுதினால் வேறு அர்த்தம். அது அப்போது முன்னால் திறந்திருக்கும் புத்தகத்தைக் குறிக்கும், அது எதுவாகவும் இருக்கலாம்.

இங்கே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. படித்த பிள்ளைகளும் விழுகிறார்கள். அந்த விலாசத்தின் முடிவில் சாய்கோடு இராது. நாம்தான் போட வேண்டும். மறந்தால், 'கணக்கு' என்ற ஃபோல்டருக்குள் போக வேண்டிய 'ஜனவரி' ரசீது, 'கணக்குஜனவரி' என்ற பெயரோடு ஒரு படி மேலே உள்ள ஃபோல்டரில் போய் நிற்கும். மாக்ரோ பிழை என்று முனகவும் முனகாது.

ஆனால் எனக்குப் பிடித்த வழி இன்னொன்று. ஃபோல்டர் விலாசத்தை மாக்ரோவுக்குள் புதைக்காமல், புத்தகத்திலேயே ஒரு தனித் தாளில், ஒரு கட்டத்தில் எழுதி வைப்பது. மாக்ரோ அதைப் படித்துக்கொள்ளட்டும். அடுத்த வருஷம் பொருளாளர் மாறினாலும், கம்ப்யூட்டர் மாறினாலும், அந்தக் கட்டத்தைத் திருத்தினால் ஆயிற்று. தம்பி பிள்ளை பெங்களூருக்கு உத்தியோகம் பார்க்கப் போய்விட்டால் அவனுக்கு ஃபோன் போட்டுக் கெஞ்ச வேண்டாம். அந்த ஃபோல்டர் இருக்கிறதா என்று 'டிர்' கட்டளையால் முதலில் பார்த்து, இல்லாவிட்டால் 'எம்கேடிர்' கட்டளையால் உண்டாக்கச் சொல்லலாம். ஒரு நேரத்தில் ஒரு படிதான் உண்டாக்கும். மேல் ஃபோல்டர் ஏற்கெனவே இருக்க வேண்டும். புத்தகம் ஒன்டிரைவில் இருந்தால், 'பாத்' தருவது இணைய விலாசமாக இருக்கக்கூடும்; அதைக் கண்டால் இந்த இரண்டு கட்டளைகளும் திகைத்து நின்றுவிடும். அப்படிப்பட்டவர்களுக்குக் கட்டத்தில் எழுதி வைப்பதே சௌகரியம்.

பெயரிலும் கவனம் வேண்டும். பி.டி.எஃப். ரசீது உண்டாக்கும் கட்டளை, அதே பெயரில் பழையது இருந்தால் கேட்காமல் அதன் மேலேயே எழுதிவிடும்; பிப்ரவரி வந்து ஜனவரியை விழுங்கும். ஆகையால் வீட்டு எண்ணும் மாதமும் பெயரிலேயே இருக்கட்டும். தேதியைச் சாய்கோடு போட்டு எழுதினால் விண்டோஸ் ஏற்காது. 2025-01-05 என்று வருஷத்தை முன்னால் வைத்துச் சிறு கோடு இட்டால், கோப்புகள் தாமே தேதி வரிசையில் நிற்கும். கணக்குப் புத்தகத்துக்கு நகல் எடுப்பதானால் 'ஸேவ்காப்பிஅஸ்' என்று எழுதச் சொல்லுங்கள். 'ஸேவ்அஸ்' என்றால் திறந்திருக்கும் புத்தகமே நகலாக மாறிவிடும். அப்புறம் பதிகிற வரவெல்லாம் நகலுக்குள் போகும், மூலம் பழைய கணக்கோடு தூங்கும்.

கணக்குப் புத்தகம் மின்னஞ்சலில் வந்திருந்தால், அதை அங்கேயே திறந்து பொத்தானை அமுக்காதீர்கள். அது தற்காலிக ஃபோல்டரிலிருந்து திறக்கப்படுவதால் 'திஸ்ஒர்க்புக்.பாத்' கூட அந்த இடத்தைத்தான் காட்டும். முதலில் உங்கள் ஃபோல்டரில் சேமித்துவிட்டுப் பிறகு திறவுங்கள்.

தம்பி பிள்ளையிடம் இன்னும் ஒரு வேலை வாங்குங்கள். 'முடிந்தது' என்று மொட்டையாகச் சொல்லும் அந்தப் பெட்டியில், எத்தனை ரசீது, எந்த ஃபோல்டரில் என்று முழு விலாசமும் வரட்டும்.

ஏற்கெனவே தொலைத்துவிட்டுத் தவிக்கும் சகோதரிகளுக்கு: எக்ஸெல்லை மூடாமல், ஆல்ட் விசையோடு எஃப்11 அமுக்குங்கள், பிறகு கண்ட்ரோல் விசையோடு ஜி. கீழே திறக்கும் சிறு ஜன்னலில் ஒரு கேள்விக்குறி போட்டு, ஆங்கிலத்தில் 'கர்டிர்' என்று எழுதி என்டர் தட்டினால், நடப்பு ஃபோல்டரின் விலாசம் வந்து நிற்கும். மாக்ரோவை ஓட்டிய பிறகு வேறு கோப்புகளைத் தேடித் திறக்காதிருந்தால், ரசீதுகள் அனேகமாக அங்கேயே இருக்கும்.