கம்ப்யூட்டர் மீது பழி போடாதீர்கள்

"ஏனுங்க, இந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து வர்ற கதிர் பட்டா ரத்தம் சுண்டிப் போயிருமாங்க?"

பொள்ளாச்சி பக்கத்திலிருந்து நண்பர் ஒருவர் போனில் கேட்ட கேள்வி இது. அவர் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருடைய மனைவி வீட்டிலேயே தையல் தொழில் செய்பவர். ஆர்டர்களையும் வரவு செலவையும் எக்ஸெலில் போடக் கற்றுக்கொண்டு, குழந்தைகள் தூங்கிய பிறகு இரவில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார். நான்கு மாதமாக அவருக்குத் தீராத அசதி. காலையில் எழும்போதே களைப்பு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டரையே கை காட்டியதால் நண்பர் அதன் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டார். மூடி ஒரு மாதம் ஆகியும் அசதி மட்டும் போகவில்லை.

"கதிரும் இல்லை, ஒன்றும் இல்லை. முதலில் அவங்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்" என்றேன். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8 கிராம் இருந்தது. பெண்களுக்குக் குறைந்தது 12 கிராமாவது இருக்க வேண்டும். அது ரத்தசோகை. கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்பே தொடங்கியிருக்கக்கூடிய ஒரு நோய் இத்தனை மாதமாக கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இருந்திருக்கிறது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். கம்ப்யூட்டரால் வருகிற சோர்வு உண்டு. அது சில நாட்களில் சரி செய்யக்கூடியது. சரி செய்த பிறகும் போகாத சோர்வுக்குக் காரணம் கம்ப்யூட்டர் அல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் நஷ்டம் நமக்குத்தான்.

கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

முதலில் கதிர் பயத்தை விட்டுவிடுங்கள். பழைய டி.வி. போன்ற பெரிய மானிட்டர்கள் இருந்த காலத்தில் திரைக்கு முன்னால் மாட்டும் கண்ணாடி ஃபில்டர்கள் நன்றாக விற்றன. அந்த மானிட்டர்களுக்குள் உண்டான எக்ஸ் கதிரைக்கூட அவற்றின் தடித்த கண்ணாடியே தடுத்துவிடும். இப்போது நாம் வாங்கும் தட்டை மானிட்டரிலும் லேப்டாப்பிலும் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எந்தத் திரையும் ரத்தத்தைக் குறைக்காது.

ஆனால் கண்ணை அது களைப்படையச் செய்யும். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை கண் சிமிட்டுகிறவர்கள், திரையைப் பார்க்கும்போது 7 முறைதான் சிமிட்டுகிறார்கள் என்று 1993-ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொன்னார்கள். சிமிட்டாத கண் காய்ந்து போகும். எரிச்சல், தலைவலி எல்லாம் அதன் தொடர்ச்சி. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தள்ளி இருக்கும் ஏதாவது ஒன்றை, இருபது விநாடி பாருங்கள். ஜன்னல் வழியே தென்னை மரத்தைப் பார்த்தால் போதும்.

அடுத்தது கழுத்து. பல வீடுகளில் கம்ப்யூட்டர் டைனிங் டேபிளிலோ, லேப்டாப் கட்டில் மேலோதான் இருக்கிறது. திரை ஒரு கை நீளத் தூரத்திலும், அதன் மேல் விளிம்பு கண் மட்டத்திலும் இருக்க வேண்டும். லேப்டாப்பைப் பெரிய புத்தகங்களின் மேல் வைத்து, தனியாக ஒரு கீபோர்டு இணைத்துக்கொண்டால் கழுத்து வலி பாதி குறையும்.

மூன்றாவதுதான் முக்கியம். கம்ப்யூட்டர் நம் தூக்கத்தைத் திருடும்.

சம்பளம் இல்லாத நைட் ஷிஃப்ட்

கோவைக்காரர்களுக்கு நைட் ஷிஃப்ட் புதிதல்ல. இங்கே முதல் நூற்பாலை 1888-ல் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. மில் சங்கு ஊதுவதை வைத்து நேரம் பார்த்த ஊர் இது. மூன்றாவது ஷிஃப்ட் முடித்து வருகிறவரை வீட்டில் யாரும் பகலில் எழுப்ப மாட்டார்கள். ராத்திரி கண் விழித்தவர் தூங்கியாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் கம்ப்யூட்டர் வந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு நைட் ஷிஃப்ட் தொடங்கிவிடுகிறது. பிராட்பேண்ட் வந்த புதிதில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை டவுன்லோட் கணக்கில் வராது என்று ஒரு திட்டம் இருந்தது. அதற்காகவே அலாரம் வைத்து எழுந்தவர்கள் உண்டு. 2012-ல் கொங்கு மண்டலமே நீண்ட மின்வெட்டில் தவித்தபோது, கரண்ட் எப்போது வருகிறதோ அப்போதுதான் கம்ப்யூட்டர் வேலை என்று ஆனது. இன்றைக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. இருந்தாலும் "இன்னும் ஒரு வீடியோ" என்று மணி ஒன்றாகிவிடுகிறது. காலையில் பால்காரர் வரும் நேரம் மட்டும் மாறுவதில்லை. இந்த ஷிஃப்டுக்குச் சம்பளமும் கிடையாது, பகல் தூக்கமும் கிடையாது.

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அந்தக் கடிகாரம் நேரத்தைச் சரி செய்துகொள்கிறது. இரவில் முகத்துக்கு நேராக வெளிச்சம் அடித்தால் அது குழம்பும். விண்டோஸில் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'டிஸ்ப்ளே' என்று போனால் 'நைட் லைட்' வசதி இருக்கிறது. போட்டுக்கொள்ளுங்கள், கண்ணுக்கு இதமாக இருக்கும். ஆனால் திரை மஞ்சளாகிவிட்டது என்பதற்காக ஒரு மணி வரை விழித்திருந்தால் பலன் இல்லை. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஷட் டவுன் செய்வதுதான் நல்ல வசதி.

இரண்டு வாரச் சோதனை

கம்ப்யூட்டர் மெதுவானால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் ரீஸ்டார்ட். சரியாகவில்லை என்றால் வைரஸ் ஸ்கேன். அதற்கும் சரிப்படவில்லை என்றால் காந்திபுரத்தில் உள்ள கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். உடம்புக்கும் இதே வரிசைதான்.

இரண்டு வாரம் இரவு பத்து மணிக்குக் கம்ப்யூட்டரையும் செல்போனையும் மூடிவிடுங்கள். ஏழு, எட்டு மணி நேரம் தூங்குங்கள். உட்காரும் இடத்தைச் சரி செய்யுங்கள். மாலையில் அரை மணி நேரம் நடங்கள். சாயங்காலத்துக்குப் பிறகு காபி வேண்டாம். இதில் அசதி போய்விட்டால் காரணம் தெரிந்துவிட்டது. போகவில்லை என்றால் இனி கம்ப்யூட்டரைக் குறை சொல்லாதீர்கள், டாக்டரிடம் போங்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பு, காரணமில்லாமல் எடை குறைவது, விடாத காய்ச்சல் இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

முதலில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது இரண்டு பேரில் ஒருவருக்கு மேல். ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அதைச் செய்ய இரும்புச்சத்து வேண்டும். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, அடுத்தடுத்த பிரசவம், வெறுங்காலோடு தோட்டத்தில் நடப்பதால் ஏறும் கொக்கிப்புழு, சத்துக் குறைந்த சாப்பாடு என்று காரணங்கள் பல. பச்சரிசியை அள்ளி மென்றுகொண்டே இருக்கத் தோன்றுவதுகூட ஓர் அறிகுறிதான். சாப்பாட்டோடு சேர்த்து டீ, காபி குடித்தால் உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கம்பும் கொள்ளும் கீரையும் நல்லவைதான். ஆனால் 8 கிராமுக்கு இறங்கிய பிறகு சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். ஆண்களுக்கு ரத்தம் குறைந்தால் வயிற்றுக்குள் எங்காவது ரத்தம் கசிகிறதா என்றும் டாக்டர் பார்ப்பார்.

அடுத்து சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12. பலமாகக் குறட்டை விட்டு, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் தூங்கி வழிகிறவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருக்கலாம். எதிலும் ஆர்வமில்லாமல் சோர்ந்து கிடப்பது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் வைத்தியம் உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாம் பார்த்தும் ரிப்போர்ட் சரியாக இருந்து, ஆறு மாதத்துக்கு மேல் சோர்வு நீடித்தால்? கொஞ்சம் வேலை செய்தாலும் மறுநாள் படுக்கையில் தள்ளுகிறதா? நாள்பட்ட சோர்வு நோய் என்று ஒன்று இருக்கிறது. 2020-க்குப் பிறகு கொரோனா வந்து போன பலருக்கும் இதே போன்ற சோர்வு தங்கிவிட்டது. இவர்களை "சோம்பேறி" என்பது அநியாயம். பழைய லேப்டாப் பேட்டரி எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் 40 சதவீதத்துக்கு மேல் ஏறாது அல்லவா? அப்படித்தான். இருக்கிற சார்ஜை அன்றைக்கே தீர்த்துவிடாமல், வேலையைப் பிரித்து, இடையிடையே படுத்து ஓய்வெடுத்துச் செலவழிக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் வீட்டில் எல்லோரும் கூடிவிடுகிறோம். அம்மா "அசதியா இருக்குது சாமி" என்று சொன்னால் "கொஞ்சம் படுத்துக்கோ" என்பதோடு முடித்துவிடுகிறோம். ஹீமோகுளோபின் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஒரு மவுஸ் வாங்கும் செலவுகூட இல்லை.

நண்பர் வீட்டில் இப்போது போர்வை இல்லை. அவருடைய மனைவி மூன்று மாதமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. எக்ஸெல் கணக்கை மட்டும் பகல் நேரத்துக்கு மாற்றிக்கொண்டார். ராத்திரியில் பாத்திரம் கழுவும் வேலை இப்போது நண்பருடையது.