தலைநகரங்களை ஒப்பிப்பதற்குப் பெயர் புவியியல் அல்ல

நான்கு வயதுக் குழந்தை உலக நாடுகளின் தலைநகரங்களை எல்லாம் மூச்சு விடாமல் சொல்லும் காணொளி ஒன்று ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. கீழே வரிசையாகக் கைதட்டல். "இதுவல்லவா புவியியல்!" என்று ஓர் ஆசிரியரே எழுதியிருக்கிறார். குழந்தையின் நினைவாற்றலுக்கு என் பாராட்டும் உண்டு. ஆனால் இது புவியியல் அல்ல. 31 ஆண்டுகள் அந்தப் பாடத்தை நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். டெலிபோன் டைரக்டரியை மனப்பாடம் செய்தவனை ஊரை அறிந்தவன் என்று யாராவது சொல்வோமா?

புவியியல் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் டில்லி ஸ்மித்தைப் பற்றிச் சொல்வேன். இங்கிலாந்துச் சிறுமி. 2004 டிசம்பர் 26 அன்று அவளுக்கு வயது 10. பெற்றோருடன் தாய்லாந்தின் புக்கெட் தீவில் மாய் காவ் கடற்கரையில் இருந்தாள். கடல் நுரைத்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்ததும், இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் சுனாமி பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது. கத்தினாள், அடம்பிடித்தாள். கரையில் இருந்தவர்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். ஏறக்குறைய நூறு பேர் பிழைத்தார்கள்.

அதே நாளில் நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுனாமி என்ற சொல்லே அதுவரை நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதை எப்படிக் கேட்கிறோம்? "சுனாமி எம்மொழிச் சொல்?" ஜப்பானியம் என்று எழுதினால் ஒரு மதிப்பெண். கடலோரப் பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம், "தரை நடுங்கினால் எந்தப் பக்கம் ஓடுவாய்? இங்கே மேடான இடம் எது?" என்று கேட்பதில்லை. கேள்வித்தாளில் அதற்கு இடம் இல்லையாம்!

மேப் விஷயத்துக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பில் மேப் என்றால் மெல்லக் கற்கும் மாணவரையும் கரையேற்றும் வினா, அவ்வளவுதான். நர்மதைக்கு ஒரு நீலக்கோடு, தக்காண பீடபூமிக்கு ஒரு வட்டம். சிறப்பு வகுப்பில் உட்கார வைத்து இருபது முப்பது மேப் போட்டால் கை தானாகப் பழகிவிடும். அந்தப் பையனிடம், "உன் பள்ளி மைதானத்தில் விழும் மழை எங்கே போகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பான். அவன் மேல் குற்றம் இல்லை. யாரும் அவனிடம் கேட்டதில்லை.

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். மைதானம் ஒரு ஏக்கர், பெய்தது 10 சென்டிமீட்டர் என்றால் 4 லட்சம் லிட்டர்! 12,000 லிட்டர் லாரியில் பிடித்தால் 33 லாரிக்கு மேல். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுவிட்டு, "இவ்வளவும் எங்கே போச்சு?" என்று கேட்டால் வகுப்பு தூங்காது. வாய்க்கால், மதகு, கலங்கல் என்று பேச்சு தானாக வளரும்.

அங்கிருந்து அடுத்த கேள்விக்குப் போகலாம். சென்னை மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. ஏரி எங்கே? நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, அதாவது ஏரிக்கரைச் சாலை. கரை எங்கே? லாங் டேங்க் என்ற நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகர் எழுந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் அரசு ஆவணங்களில் தரிசு என்று இருந்தது. அதில்தான் மாநகரின் குப்பையைக் கொட்டினோம், கட்டடங்களை எழுப்பினோம். 2015 டிசம்பரில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது "இயற்கைச் சீற்றம்" என்றோம். தண்ணீரைப் பிடித்து வைத்த நிலத்துக்குத் தரிசு என்று பெயர் வைத்தது யார்? அந்தப் பெயரால் லாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி புரியும். புரிந்துவிடுமே என்றுதான் நாம் கேட்பதில்லையோ என்று எனக்குச் சந்தேகம்.

நான் வேலை பார்த்த ஒரு கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம் கிராம வரைபடத்தின் நகல் வாங்கி, ஒன்பதாம் வகுப்பை ஏரி வரைக்கும் நடக்க வைத்தேன். வரைபடத்தில் இருந்த வரத்துக்கால்வாய் பாதி வழியில் காணாமல் போயிருந்தது. பிள்ளைகளே தேடிக் கண்டுபிடித்தார்கள். அதன் மேல் எங்கள் பள்ளியின் சுற்றுச்சுவர் நின்றது! பிறகு ஆளுக்கொரு மேப் வரையச் சொன்னேன். ஒரு மாணவி, பேருந்து நிறுத்தத்திலிருந்து காலனிக்குப் போகும் பாதையைக் கறுப்பாக்கி, "ஆறு மணிக்கு மேல் போக மாட்டோம்" என்று எழுதியிருந்தாள். எந்த அட்லஸில் இருக்கிறது இது? பார்வைக்கு வந்த அதிகாரி அவற்றைப் புரட்டிவிட்டு என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "போர்ஷன் முடிஞ்சுதா சார்?"

படைப்பாற்றல் என்ற பெயரில் நடக்கும் கூத்தையும் சொல்ல வேண்டும். எஃப்.ஏ. செயல்பாடு என்றால் தெர்மாகோலில் எரிமலை. சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றினால் பொங்கும். செய்வது அப்பா, செலவு அம்மாவுடையது, மதிப்பெண் பிள்ளைக்கு. எரிமலையே இல்லாத ஊரில் ஆண்டுக்கு நாற்பது எரிமலை! ஊர் ஏரியை ஒரு பிள்ளை செய்து வந்து நான் பார்த்ததில்லை. கடையில் கிடைக்காதே.

"நூறு சதவீதத் தேர்ச்சி கேட்கிறார்கள், இதற்கெல்லாம் நேரம் ஏது சார்?" என்பீர்கள். உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். பல பள்ளிகளில் வரலாறு படித்தவரே புவியியலையும் சேர்த்து நடத்துகிறார் என்பதும் தெரியும். நான் கேட்பது ஒரு பருவத்துக்கு இரண்டு பீரியடு. பட்ஜெட் வேண்டாம், ஸ்மார்ட் போர்டு வேண்டாம். வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. ஒரே ஒரு வினாவை மாணவரின் ஊரைப் பற்றிக் கேளுங்கள். தேர்வில் வந்தால் மறுநாளே வகுப்புக்கு வந்துவிடும். நம் நாட்டில் பாடத்தை நடத்துவது புத்தகம் இல்லை, வினாத்தாள்தான்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தருவது அதுதான். முதல் நல்ல மழை ஓய்ந்ததும் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எதனால் தேங்குகிறது என்று அவர்களே வரையட்டும். அந்த மேப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள். கிராம சபையிலும் வையுங்கள். சிலருக்குச் சங்கடமாக இருக்கும். இருக்கட்டும்.