கட்டாக்காலி மாடும் கட்டாக்காலி டிப்பரும்

வடக்கு மாகாண ஆளுநர் கௌரவ நா. வேதநாயகன் அவர்களுக்கு,

தீவகத்துப் புளியங்கூடலில் இருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துக்கு அரசாங்க அதிபராக இருந்தவர் நீங்கள். தீவகத்து வீதிகளை உங்களுக்குப் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை.

எங்கள் வீதியில் ஒரு மாடு அவிழ்ந்து திரிந்தால் பிரதேச சபை அதைப் பிடித்துக் கட்டலாம், உரிமையாளரிடம் தண்டம் அறவிடலாம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. அதே வீதியில், பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரத்தில், படங்கு மூடாமல் மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று ஒழுங்கைக்குள் திரும்பினால் சபை பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடியும். ஓடுகிற வாகனத்துக்கு 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அந்தச் சட்டத்தை வீதியில் நடத்துவது பொலிஸ். சைக்கிளுக்குத் தகடு கொடுத்து வரி வாங்கிய காலம் எங்கள் உள்ளூராட்சிக்கு உண்டு. சைக்கிளையும் மாட்டையும் தாண்டி அதன் கை நீளவேயில்லை.

காலை ஏழு மணிக்கு முன்பின்னாக ஒருநாள் வந்து நின்று பாருங்கள். பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகச் சைக்கிளில் வருவார்கள். ஹோர்ன் சத்தம் கேட்டதும் முன்னுக்குப் போகிற பிள்ளை தாரை விட்டு இறங்கும். தார் விளிம்பு உடைந்து அரை அடி பள்ளம், சில்லு மணலில் புதைந்து ஹாண்டில் திரும்பும். பின்னுக்கு வருகிற பிள்ளைக்குப் பிரேக் பிடிக்க இடமில்லை. டிப்பர் போன பிறகு தாரின் மேல் மணல் கோடாய்க் கிடக்கும். அடுத்து வருகிற மோட்டார் சைக்கிள் சறுக்குவது அந்தக் கோட்டில்தான்.

பொலிஸார் வருவதில்லை என்று சொல்லமாட்டேன். வருகிறார்கள், பிரதான வீதியில் நின்று தலைக்கவசமும் லைசென்ஸும் பார்க்கிறார்கள். சபையின் உள்வீதிகள் அவர்கள் கண்ணுக்கு எட்டுவதில்லை.

சபையே தண்டம் அறவிடுகிற ஊரும் உண்டு. லண்டனில் ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் இருக்கிற தீவகத்துச் சனத்தைக் கேட்டால் கவுன்சில் அனுப்பும் தண்டக் கடிதம் பற்றிக் கதைகதையாய்ச் சொல்வார்கள். மஞ்சள் கட்டத்துக்குள் நின்றது, திரும்பக்கூடாத இடத்தில் திரும்பியது, நுழையக்கூடாத தெருவில் நுழைந்தது எல்லாம் அங்கே பொலிஸின் வேலையல்ல, சபையின் வேலை. லண்டனுக்கு வெளியே உள்ள இங்கிலாந்துச் சபைகளும் 2022 மே 31 முதல் விண்ணப்பித்து இதே அதிகாரத்தைப் பெறலாம். அதற்கான சட்டம் 2004 இலேயே வந்துவிட்டது. நடைமுறைக்கு வரப் பதினெட்டு வருடம். வேகத்தைப் பிடிப்பது இன்றும் பொலிஸிடம்தான். அந்தச் சபைகள் புதிதாகக் கமரா பூட்டிய இடத்தில் முதல் ஆறு மாதம், முதல் தடவை பிடிபடுகிறவருக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும். அளவோடு கொடுத்த அதிகாரம் இது. எனக்குப் பிடித்ததும் அந்த அளவுதான்.

இங்கே அதிகாரம் என்றதும் சீருடை ஞாபகம் வரும். 2021 ஏப்ரலில் யாழ் மாநகர சபை நகரின் தூய்மையைக் கண்காணிக்க ஐந்து ஊழியருக்கு நீல உடுப்புப் போட்டு இறக்கியது. அது புலிகளின் காவல்துறை உடை போல இருக்கிறதென்று சொல்லி அப்போதைய முதல்வர் மணிவண்ணனைப் பயங்கரவாத விசாரணைப் பிரிவு கைதுசெய்தது. பிறகு பிணையில் வந்தார். எச்சில் துப்புகிறவனைத் தட்டிக்கேட்க ஐந்து பேரை வைத்ததற்கே அந்தப் பாடு. ஆகவே ஆளும் வேண்டாம், உடுப்பும் வேண்டாம். கமரா போதும். கொழும்பில் 2024 ஜனவரியில் இருந்து பொலிஸார் கமராவைப் பார்த்து வாகன உரிமையாளருக்குத் தண்டம் அனுப்புகிறார்கள். தொழில்நுட்பம் நாட்டுக்குப் புதிதல்ல.

கமராவைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. எங்கள் ஊரில் டிப்பர்காரனும் சபை உறுப்பினரும் ஒரே கோயில் திருவிழாவில் வடம் பிடிக்கிறவர்கள். வாக்குக் கேட்டுப் போன வீட்டுப் படலைக்கே தண்டச் சீட்டோடு எந்த உறுப்பினர் போவார்? போனாலும் மற்றக் கட்சிக்காரன் வீட்டுக்குத்தான் போவார். இதை யோசிக்காமல் அதிகாரத்தை அப்படியே தூக்கிக் கொடுத்தால் இப்போது இருப்பதை விட மோசமாகும். அறவிடும் காசும் பொதுக்கணக்கில் கரையக்கூடாது. எந்த வீதியில் அறவிட்டார்களோ அந்த வீதியின் விளிம்பைக் கட்டச் செலவழிக்கவேண்டும். நீதிமன்றத் தண்டப்பணம் சபை வருமானத்தில் ஏற்கெனவே உண்டு. அது எங்கே போகிறதென்று வீதியைப் பார்த்தால் தெரியவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்துவது உங்கள் கையில் இல்லை, அது கொழும்பின் வேலை. ஆனால் 2018 ஒக்டோபரில் முடிந்த மாகாண சபைக்குப் பிறகு தேர்தல் நடக்காததால், உள்ளூராட்சி விடயம் உங்கள் மேசைக்குத்தான் வந்துகொண்டிருக்கிறது. பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் சபை வீதிகளில் கனரக வாகனம் ஓடுவதைத் தடுக்க ஒரு மாதிரி உபவிதி வரையச் சொல்லுங்கள். அதில் மாகாணம் செய்யக்கூடியது எவ்வளவு, நாடாளுமன்றம் செய்யவேண்டியது எவ்வளவு என்று சட்டமா அதிபர் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதிலை எனக்கு அனுப்பவேண்டாம். 2025 மே மாதம் நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த சபைக்கு அனுப்புங்கள், மாதக் கூட்டத்தில் தவிசாளர் எல்லாருக்கும் கேட்க வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
புளியங்கூடல் வாசி ஒருவர்