கேம் சாட்டில் கலர் எழுத்து: அழகுக்கா, அதிகாரத்துக்கா? ஓர் அலசல்

"உங்கள் கணக்கு முடக்கப்பட உள்ளது. உடனே உறுதிசெய்யவும்." ஆன்லைன் கேம் ஒன்றின் சாட்டில், சிவப்பு நிறத்தில், தடித்த எழுத்தில் இப்படி ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் பேசுவதெல்லாம் வெள்ளை எழுத்தில் ஓடிக்கொண்டிருக்க, இது மட்டும் பளிச்சென்று தெரிகிறது. விளையாடிக்கொண்டிருக்கும் பள்ளி மாணவர் இதை யார் அனுப்பியதாக நினைப்பார்? கேம் நிறுவனம் என்றுதான். ஆனால், அதே மேட்ச்சில் இருக்கும் யாரோ ஒருவர்கூட இதை டைப் செய்திருக்கலாம்.

சாட்டில் கலர் மாற்றுவது சும்மா விளையாட்டுக்குத்தானே என்று தோன்றும். ஆனால் எந்த நிறத்தை யார் பயன்படுத்தலாம் என்பதில் கேம் நிறுவனங்கள் கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கேமுக்குள் நிறம் என்பது ஒரு சீருடை மாதிரி. அதை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்றால் சிக்கல்தான்.

கலர் எழுத்து எப்படி வருகிறது?

பெரும்பாலான கேம்களில் எழுத்துகளுக்கு நடுவே ஒரு ரகசியக் குறி சேர்க்கப்படுகிறது. அந்தக் குறி திரையில் தெரியாது. அதற்குப் பின்னால் வரும் எழுத்துகளின் நிறம் மட்டும் மாறும்.

மைன்கிராஃப்டில் அந்தக் குறி '§'. இதை அடுத்து 0 முதல் 9 வரையிலான எண்ணோ, ஆங்கில அகரவரிசையின் முதல் ஆறு எழுத்துகளில் ஒன்றோ வந்தால் 16 நிறங்கள் கிடைக்கும். தடித்த எழுத்து, சாய்வெழுத்து, அடிக்கோடு ஆகியவற்றுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. எழுத்துகள் நிற்காமல் மாறிக்கொண்டே இருக்கும் 'மேஜிக்' வடிவமும் உண்டு. 2020-ல் வந்த 1.16 பதிப்புக்குப் பிறகு, சர்வர்கள் 16 நிறங்களோடு நிற்க வேண்டியதில்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 256 அளவுகள்; பெருக்கிப் பார்த்தால் 1.67 கோடிக்கும் மேற்பட்ட நிறங்கள்.

நம்மூர் பசங்களுக்கு அதிகம் தெரிந்தது ஃப்ரீ ஃபயர் பாணி. புரொஃபைல் வரியில் சதுர அடைப்புக்குறிக்குள் ஆறு இலக்கக் கலர் கோடு போட்டால், அடுத்து வரும் எழுத்துகள் அந்த நிறத்துக்கு மாறும். 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்கு இந்தியாவில் தடை வந்தது. தடைப் பட்டியலில் இல்லாத 'மேக்ஸ்' பதிப்பில் இந்த வித்தை தொடர்ந்தது.

எல்லோருக்கும் ஏன் தருவதில்லை?

மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பில் சாதாரண பிளேயர் ஒருவர் '§' குறியைச் சாட்டில் அனுப்ப முடியாது. கேம் ஏற்காது. அதனால் பல சர்வர்கள் '&' குறியை மாற்றாகத் தருகின்றன. பிளேயர் '&' என்று டைப் செய்தால், சர்வரே அதை '§' ஆக மாற்றிவிடும். ஆனால் யாருக்கு மாற்ற வேண்டும் என்பது அட்மின் கையில். பரவலாகப் பயன்படும் எசென்ஷியல்ஸ்எக்ஸ் பிளக்இன்னில் நிறத்துக்கு ஓர் அனுமதி, தடித்த எழுத்து போன்ற வடிவங்களுக்கு இன்னொரு அனுமதி, 'மேஜிக்' எழுத்துக்கு மற்றொன்று.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? சர்வர் அறிவிப்புகள் மஞ்சளில் வருகின்றன என்றால், மஞ்சளில் எழுதத் தெரிந்த யாரும் சர்வர் போலப் பேசிவிடலாம். 'பரிசு விழுந்திருக்கிறது', 'பாஸ்வேர்டைச் சரிபார்க்கவும்' போன்ற வலைவிரிப்புகளுக்கு இதுவே போதும்.

2022 ஜூலையில் வந்த 1.19.1 பதிப்பு இன்னொரு படி மேலே போனது. ஒவ்வொரு பிளேயரின் செய்தியும் டிஜிட்டல் கையொப்பத்துடன் போகும். இடையில் சர்வர் வார்த்தைகளை மாற்றினால், செய்தியின் ஓரத்தில் ஓர் அடையாளம் தோன்றும். அதன் மேல் மவுஸை வைத்தால், மாற்றுவதற்கு முன்பு இருந்த அசல் வரி தெரியும். சாட் செய்திகளைப் புகார் செய்யும் வசதியும் அதே பதிப்பில்தான் வந்தது. யார் எதைச் சொன்னார் என்பது உறுதியாகத் தெரியாமல் புகாரை விசாரிக்க முடியாது அல்லவா?

பெயருக்குள் புகுந்த படம்

குறிகளை அசட்டையாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023 டிசம்பரில் ஓர் உதாரணம் கிடைத்தது. வால்வ் நிறுவனத்தின் கவுன்டர் ஸ்டிரைக் 2 கேமில், ஸ்டீம் பெயருக்குள்ளேயே இணையப் பக்கங்களை வடிவமைக்கும் ஹெச்டிஎம்எல் குறிகளைச் சிலர் எழுதினார்கள். ஒருவரை மேட்ச்சிலிருந்து வெளியேற்ற வாக்கெடுப்பு நடக்கும்போது அவர் பெயர் திரையில் வரும். அந்த இடத்தில் பெயருக்குப் பதிலாகப் படம் வந்து நின்றது.

படத்தோடு முடிந்திருந்தால் வேடிக்கைதான். ஆனால் அந்தப் படம் வெளியே உள்ள ஒரு சர்வரிலிருந்து இறங்கியது. அதனால் மேட்ச்சில் இருந்த மற்றவர்களின் ஐபி முகவரிகள் அந்தச் சர்வருக்குத் தெரிந்துபோயின. வால்வ் சிறிய அப்டேட் ஒன்றின் மூலம் இந்த ஓட்டையை விரைவாக அடைத்தது. எழுத்தை அலங்கரிக்கும் குறியும் கணினிக்குத் தரப்படும் கட்டளைதான் என்பது இதில் கிடைத்த பாடம்.

அப்போ சரியான வழி என்ன?

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இதை வேறு விதமாகக் கையாள்கிறது. அங்கே நிறம் ஆளுக்கு அல்ல, பேசும் இடத்துக்கு. கில்டு பேச்சு பச்சை, குழுப் பேச்சு வெளிர்நீலம், தனிச்செய்தி இளஞ்சிவப்பு, உரக்கக் கத்தினால் சிவப்பு. பிடிக்கவில்லை என்றால் அவரவர் தங்கள் திரையில் மட்டும் இந்த நிறங்களை மாற்றிக்கொள்ளலாம். நிறுவன ஊழியர் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் நிறுவனச் சின்னம் வரும். சின்னத்தை டைப் செய்ய முடியாது. அதுதான் பாதுகாப்பு.

அதாவது, நிறத்தைத் தேர்வு செய்யும் உரிமை அனுப்புகிறவரைவிடப் படிக்கிறவரிடம் இருப்பது நல்லது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு.

எல்லோராலும் படிக்க முடிகிறதா?

ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு நிறப் பார்வைக் குறைபாடு இருப்பதாக மேலை நாடுகளில் பொதுவாகச் சொல்லப்படுகிறது. சிவப்பும் பச்சையும் குழம்புவதுதான் அதிகம். எதிரணி சிவப்பு, நம் அணி பச்சை என்று மட்டும் பிரித்தால் அவர்கள் பாடு திண்டாட்டம்.

பார்வை சரியாக இருப்பவர்களுக்கும் பிரச்சினை உண்டு. இணையப் பக்கங்களுக்கான உலகளாவிய வழிகாட்டுதல்படி, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். அதே கணக்கைக் கேம் சாட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். கறுப்புப் பின்னணியில் முழு மஞ்சள் 19.6 பெறுகிறது. முழுப் பச்சை 15.3. முழுச் சிவப்பு 5.3 எடுத்துத் தப்பிக்கிறது. முழு நீலமோ 2.4-தான், ஃபெயில். வெள்ளைப் பின்னணிக்குப் போனால் கதை தலைகீழ். நீலம் 8.6-க்கு ஏற, மஞ்சள் 1.1-க்கு விழுகிறது.

கேமில் பின்னணி ஒரே மாதிரி இருக்காது. ஒரு நொடி வானம், மறு நொடி சுரங்கம். அதனால்தான் சாட்டுக்குப் பின்னால் அரைக் கறுப்புத் திரை, எழுத்துக்கு அடியில் நிழல் போன்ற ஏற்பாடுகள்.

அமெரிக்காவில் இது சட்டப் பிரச்சினையும்கூட. மாற்றுத்திறனாளிகளுக்கான தகவல் தொடர்பு வசதி குறித்து அங்கே 2010-ல் ஒரு சட்டம் வந்தது. வீடியோ கேம்களுக்குக் கொடுத்திருந்த விலக்கு 2018 டிசம்பர் 31-உடன் முடிந்தது. கேமுக்குள் நடக்கும் எழுத்து, குரல் உரையாடல்கள் இந்தச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சண்டைக் காட்சியை அல்ல, சாட்டைத்தான் சட்டம் குறிவைத்தது. காரணம் எளிது: சாட் என்பது மனிதர்கள் பேசிக்கொள்ளும் இடம்.

தமிழில் டைப் செய்தால்?

ஆங்கிலத்தில் கோபத்தைக் காட்டப் பெரிய எழுத்துகள் இருக்கின்றன. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. அதனால் ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல நிறமும் தடிப்பும்தான் கைகொடுக்கும். ஆனால் சின்ன அளவில் தடித்த எழுத்து போட்டால் ண, ன போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். புள்ளிகள் பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். தமிழில் எழுதுபவர்களுக்குத் தடிப்பைவிட வெளிச்சமான நிறம் பாதுகாப்பான தேர்வு.

கவனிக்க வேண்டியவை

* சர்வர் நடத்துகிறவர்கள் அறிவிப்புக்கென ஒரு நிறத்தை ஒதுக்கி, அதைப் பிளேயர்களுக்குத் தராமல் இருப்பது நல்லது. நிறத்தோடு ஒரு குறியீடோ சொல்லோ சேர்த்தால், நிறம் தெரியாதவர்களுக்கும் புரியும்.
* கறுப்புப் பின்னணியில் அடர்நீலம், அடர்சிவப்பு வேண்டாம். மஞ்சள், வெளிர்நீலம், வெள்ளை கண்ணுக்கு எளிது.
* முழு வரிக்கும் கலர் போட்டால் எதுவும் தனித்துத் தெரியாது. ஒன்றிரண்டு சொற்களுக்குப் போதும்.
* கலர் கோடு உருவாக்கித் தருகிறோம் என்று சொல்லி கேம் கணக்கின் பாஸ்வேர்டு கேட்கும் தளங்களை மூடிவிடுங்கள். ஆறு இலக்கக் கோடு எழுத யாருடைய பாஸ்வேர்டும் தேவையில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கண்ணைப் பறிக்கும் நிறத்தில் வந்தாலும், சாட்டில் வருவது நிறுவனத்தின் அறிவிப்பாகிவிடாது. கணக்கு தொடர்பான எதையும் கேமின் அமைப்புகள் பக்கத்திலேயே போய்ச் சரிபார்க்க வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் ஒருமுறை சொல்லிவைத்தால், சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பதற மாட்டார்கள்.