காசு கொடுத்து வாங்கியவனுக்கே பூட்டா?

ஒரு விவசாயி ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஒன்றை விலை பேசி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றடியில் பொருத்தி ஓடவிட்ட பிறகு கம்பெனி ஏஜெண்டு வந்து சொல்கிறார்: "இந்த மோட்டார் உண்மையில் ஏழரைக் குதிரைச் சக்தி இழுக்கும். உள்ளே ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறோம். இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் திறந்துவிடுகிறோம்." அந்த விவசாயி என்ன சொல்வார்? "பொருள் என்னுடையது, என் கிணற்றடியில் இருக்கிறது. இதில் பூட்டுப் போட நீ யார்?" என்றுதான் கேட்பார்.

மோட்டார் கதை கற்பனை. ஆனால் அதே காரியம் 2010-ம் வருஷம் அமெரிக்காவில் நடந்தது. கம்ப்யூட்டருக்குள் கணக்குப் போடும் சிப்பைச் செய்து விற்கும் இன்டெல் கம்பெனி, பென்டியம் ஜி.6951 என்ற சிப்பை அங்கே விற்றது. அந்தச் சிப்பின் திறமையில் ஒரு பகுதியைக் கம்பெனியே முடக்கி வைத்திருந்தது. கடையில் 50 டாலர் கொடுத்து ஒரு சீட்டு வாங்கி, அதிலுள்ள ரகசிய எண்ணைத் தட்டினால், முடக்கிய பகுதி வேலை செய்யத் தொடங்கும். புதிதாக ஒரு பாகமும் சேர்க்கப்படவில்லை. ஒரு திருகாணிகூட மாற்றப்படவில்லை. ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு இரண்டாம் முறை விலை! ஜனங்கள் கேலி செய்தார்கள், கண்டித்தார்கள். மறு வருஷமே அந்தத் திட்டம் மூடப்பட்டது.

திட்டம் போயிற்று. பூட்டுப் போகவில்லை. அந்தப் பூட்டைப் பற்றியும், கம்ப்யூட்டர் உதிரிபாகம் வாங்குகிறவர்கள் படும் பாட்டைப் பற்றியும் உழைப்பாளி மக்கள் தெரிந்துகொள்வது அவசியம். இன்று நம் வீட்டுப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் கேட்கிறார்கள். அதற்கான பணம் நம் கூலியிலிருந்துதான் போகிறது.

தண்டும் புல்லியும்

கம்ப்யூட்டர் என்றால் கடையில் ஒரே பெட்டியாக வாங்கும் பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கணக்குப் போடும் சிப், அது உட்காரும் மதர்போர்டு, ராம் என்னும் நினைவுப் பட்டை, படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு, மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கி, ஒரு ஸ்குரூ டிரைவரை வைத்துக்கொண்டு வீட்டிலேயே சேர்த்துவிடலாம். உலகமெங்கும் லட்சக்கணக்கான வாலிபர்கள் இப்படிச் செய்கிறார்கள். தேவைக்கேற்ற யந்திரமும் கிடைக்கிறது, கைத்தொழிலும் வருகிறது.

இவர்களில் ஒரு சாரார் இன்னொன்றும் செய்கிறார்கள். கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேலே சிப்பை ஓட்டுகிறார்கள். இதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். பெயர்தான் புதிது, விஷயம் நமக்குப் பழையது. பழைய மில்லில் ஒரே தண்டு கூரையோரம் சுழலும். ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஒரு புல்லி இருக்கும். தண்டின் வேகமும் புல்லியின் அளவும் சேர்ந்தே யந்திரத்தின் வேகத்தை முடிவு செய்யும். கம்ப்யூட்டரிலும் அதே கணக்குத்தான். மதர்போர்டு ஒரு துடிப்பைக் கொடுக்கிறது, அதுதான் தண்டு. சிப் அதை இத்தனை மடங்கு என்று பெருக்கிக்கொள்கிறது, அதுதான் புல்லி.

1998-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் இன்டெல் கம்பெனி செலரான் 300ஏ என்ற மலிவுச் சிப்பை வெளியிட்டது. விலை 149 டாலர். தண்டின் துடிப்பு விநாடிக்கு 6 கோடியே 66 லட்சம், புல்லி நாலரை மடங்கு. ஆக, சிப்பின் வேகம் விநாடிக்கு 30 கோடி துடிப்பு. புல்லியை யாரும் மாற்ற முடியாதபடி கம்பெனி அதைப் பூட்டிவிட்டது. ஆனால் தண்டு கம்பெனியின் கையில் இல்லையே! வாங்கியவர்கள் மதர்போர்டில் தண்டின் துடிப்பை 10 கோடிக்கு ஏற்றினார்கள். நாலரை மடங்கில் பெருக்கினால் 45 கோடி! எல்லாச் சிப்பும் தாங்கியது என்று சொல்ல முடியாது. மிகப் பல தாங்கின. 45 கோடித் துடிப்பில் ஓடும் பென்டியம் 2 சிப்பை அதே மாதம் அதே கம்பெனி 669 டாலருக்கு விற்றது. 149 எங்கே, 669 எங்கே!

2000-ம் வருஷம் போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி.யின் சிப்பிலும் பூட்டு வந்தது. சிப்பின் மேற்புறத்தில் சில நுண்ணிய இணைப்புகளை அறுத்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் சாதாரணப் பென்சிலால் கோடு இழுத்தார்கள் வாலிபர்கள். பென்சில் கரியில் மின்சாரம் பாயும் அல்லவா? இணைப்பு உயிர் பெற்றது. பெரிய கம்பெனி போட்ட பூட்டைப் பள்ளிப் பிள்ளையின் பென்சில் திறந்தது! அடுத்து வந்த சிப்பில் அந்த இணைப்புகளுக்கிடையே குழி வெட்டி, பென்சில் வேலையைக் கடினமாக்கியது கம்பெனி.

2011-ல் இன்டெல் தண்டையும் கட்டிப்போட்டது. அந்த வருஷத்துச் சிப்புகளில் ஒரே துடிப்பு கம்ப்யூட்டரின் பல பாகங்களையும் ஓட்டியது. அதைக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றினால் மற்ற பாகங்கள் தடுமாறும். ஆகவே புல்லி ஒன்றுதான் வழி. புல்லி திறந்த சிப்புக்கு 'கே' என்ற எழுத்தைப் போட்டுத் தனி விலை வைத்தார்கள். ஐ5-2500 சிப் 205 டாலர். அதே வேகம் குறித்த ஐ5-2500கே சிப் 216 டாலர். அது மட்டும் போதாது. அதற்கென்று குறித்த உயர்ந்த ரக மதர்போர்டும் வாங்கியாக வேண்டும். பூட்டு ஒன்று, திறக்க வேண்டிய இடம் இரண்டு!

சில வருஷங்களுக்குப் பின் மதர்போர்டு செய்யும் சில கம்பெனிகள் சாதாரணச் சிப்பையும் வேகப்படுத்த வழி கண்டு கொடுத்தன. 2016 பிப்ரவரியில் இன்டெல் அந்த வழியையும் அடைத்தது. புதிய மென்பொருளை ஏற்றினால் முன்பு இருந்த வசதி மறைந்துவிடும் என்ற நிலை வந்தது.

கம்பெனியின் சமாதானம்

கம்பெனிகள் சொல்லும் நியாயத்தையும் கேட்போம். நியாயமான பங்கை மறுப்பது நம் வழக்கமல்ல.

முதல் நியாயம்: "ஒரே தகட்டில் வார்த்தாலும் எல்லாச் சிப்பும் ஒரே தரத்தில் வருவதில்லை. சோதித்துத்தான் வேகத்தைக் குறிக்கிறோம்." உண்மைதான். ஒரே பஞ்சில் நூற்றாலும் எல்லா நூலும் ஒரே பலத்தில் வருவதில்லை என்பது மில் தொழிலாளிக்குத் தெரியும். ஆனால் தரம் பிரிப்பது வேறு, முடக்கி வைப்பது வேறு. சோதனையில் தேறிய திறமையை முடக்கி, பிறகு 50 டாலருக்குத் திறந்துவிட்டால் அதைத் தரம் பிரித்தல் என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது நியாயம்: "மோசடி வியாபாரிகள் மெதுவான சிப்பின் மேல் வேகமான சிப்பின் எண்ணை அச்சடித்து விற்றார்கள். அதைத் தடுக்கவே பூட்டு." இந்த மோசடி 1990-களில் நடந்தது உண்மை. ஆனால் அது மட்டுமே காரணமானால், 11 டாலர் கூடக் கொடுத்தவனுக்குப் பூட்டைத் திறந்துவிடுவது ஏன்? கள்ளனைத் தடுக்கப் போட்ட பூட்டின் சாவியைக் கடையில் வைத்து விற்பார்களா?

மூன்றாவது நியாயம்: "வேகம் ஏறினால் சூடு ஏறும், சிப் கெடும். அதனால் வாரண்டி இல்லை." வரம்பு மீறினால் யந்திரம் கெடும், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 2024-ல் நடந்ததைப் பாருங்கள். இன்டெல்லின் 13-வது, 14-வது தலைமுறை மேஜைக் கம்ப்யூட்டர் சிப்புகள் பல இடங்களில் திடீர் திடீரென்று நின்றுபோயின. சிப்புக்குள் கம்பெனியே எழுதி வைத்த கட்டளை, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டது என்று அந்த வருஷம் ஜூலையில் கம்பெனியே சொல்லிற்று. திருத்தம் வந்தது. ஆனால் ஏற்கெனவே கெட்ட சிப்பை அது குணப்படுத்தவில்லை. வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டிக் கொடுத்தார்கள். கூக்குரல் எழுந்த பிறகே நீட்டினார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பதுக்கலும் குலுக்கலும்

பூட்டில்லாத பொருளையாவது நல்ல விலைக்கு வாங்க முடிகிறதா? அங்கேயும் கொள்ளைதான்.

2020 செப்டம்பரில் என்விடியா கம்பெனி ஆர்.டி.எக்ஸ். 3080 என்ற கிராபிக்ஸ் கார்டை வெளியிட்டது. அறிவித்த விலை 699 டாலர். விற்பனை திறந்த சில நிமிஷங்களில் சரக்குத் தீர்ந்தது. மனிதன் விரலால் தட்டுவதற்குள் தானியங்கி மென்பொருளை வைத்து மொத்தமாக அள்ளிக்கொண்டார்கள் பதுக்கல்காரர்கள். மறு வருஷம் இதே கார்டு வெளிச் சந்தையில் அறிவித்த விலையைப்போல் இரு மடங்குக்கும் மேலே போயிற்று. ஈதரியம் என்ற மின்காசை உண்டாக்க, கொட்டகை கொட்டகையாக இந்தக் கார்டுகளை அடுக்கி இரவு பகலாக ஓட்டியவர்கள் இன்னொரு பக்கம் வாங்கிக் குவித்தார்கள்.

அமெரிக்காவில் நியூஎக் என்ற கடை 2021-ல் கார்டு வாங்கக் குலுக்கல் வைத்தது. பரிசுக்கான குலுக்கல் அல்ல, முழு விலை கொடுத்து வாங்கும் உரிமைக்கான குலுக்கல்! பெயர் விழுந்தாலும் பலசமயம் கார்டைத் தனியே வாங்க முடியாது. கூடவே மதர்போர்டையோ பவர் சப்ளையையோ சேர்த்து வாங்க வேண்டும். சர்க்கரை வேண்டுமானால் சோப்பும் வாங்கு என்று சொல்லும் மளிகைக் கடைக்காரரை நமக்குத் தெரியும். இது அவருடைய அமெரிக்கப் பதிப்பு.

கம்பெனிக்கு இந்த மின்காசு வியாபாரம் புதிதா? 2018-ம் நிதியாண்டிலேயே, விளையாட்டுக்கென்று செய்த கார்டுகளின் வருமானம் ஏறியதற்கு மின்காசுக்காரர்கள் முக்கியக் காரணம். அதை முதலீட்டாளர்களுக்குச் சரிவரச் சொல்லவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் என்விடியா மீது குற்றம் சாட்டியது. 2022 மே மாதம் 55 லட்சம் டாலர் அபராதம். கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொள்ளவுமில்லை, மறுக்கவுமில்லை. பணத்தைக் கட்டிவிட்டுப் போயிற்று. முதலீட்டாளருக்குச் சொல்லாததற்காவது அபராதம் வந்தது. இரண்டு மடங்கு விலை கொடுத்த சாதாரண மனிதனுக்கு என்ன வந்தது?

கூட்டுக் கொள்ளை

ராம் என்னும் நினைவுப் பட்டையின் கதை இன்னும் மோசம். 1998 முதல் 2002 வரை, நினைவுச் சிப் செய்யும் பெரிய கம்பெனிகள் ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டு விலையை நிர்ணயித்தன. வெளியில் போட்டி, உள்ளே கூட்டு! அமெரிக்க சர்க்கார் வழக்குத் தொடுத்தது. ஜெர்மனியின் இன்பினியானுக்கு 16 கோடி டாலர் அபராதம். கொரியாவின் ஹைனிக்ஸுக்கு 18 கோடியே 50 லட்சம், சாம்சங்குக்கு 30 கோடி. ஜப்பானின் எல்பிடாவுக்கு 8 கோடியே 40 லட்சம். கம்பெனி அதிகாரிகள் பலர் சிறை சென்றார்கள். அமெரிக்காவின் மைக்ரான் கம்பெனி சர்க்காரோடு ஒத்துழைத்துத் தப்பித்துக்கொண்டது. 2010-ல் ஐரோப்பிய ஆணையமும் 33 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. நாடு வேறு, கொடி வேறு. வாங்குகிறவன் பையில் கை வைக்கும்போது மட்டும் ஒற்றுமை!

இன்று உலகத்தின் நினைவுச் சிப்பில் மிகப் பெரும் பகுதி சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகளின் கையில் இருக்கிறது. 2025 கடைசியில், செயற்கை அறிவு யந்திரங்களை நிறுவும் பெரும் நிறுவனங்கள் கேட்ட விலை கொடுக்க வந்து நின்றன. ராம் விலை மளமளவென்று ஏறியது. வீட்டில் கம்ப்யூட்டர் சேர்க்கிறவர்கள் பல வருஷமாக நம்பி வாங்கிய குருஷியல் என்ற சரக்கை நிறுத்துவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. அதிக லாபம் தருகிற பெரிய வாடிக்கையாளரைப் பார்த்துச் சில்லறை வாடிக்கையாளனைக் கைகழுவினார்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு பட்டை ராம் வாங்கப் போகும் தொழிலாளி மகன் கொடுக்கிற விலை அந்தத் தெருவில் முடிவாவதில்லை. கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

என்ன கேட்க வேண்டும்?

ஒன்று: பொருளில் என்ன திறமை இருக்கிறது, எதை முடக்கியிருக்கிறார்கள் என்பதை அட்டைப் பெட்டியின் மேல் பளிச்சென்று அச்சிட வேண்டும். விற்றுவிட்ட பொருளுக்கு மறுபடி விலை கேட்பதைச் சட்டம் தடுக்க வேண்டும்.

இரண்டு: வாங்கும்போது இருந்த வசதியைப் பின்னால் மென்பொருளால் பறித்தால் நஷ்ட ஈடு தர வேண்டும்.

மூன்று: கூட்டுச் சேர்ந்து விலை ஏற்றினால், அபராதம் சர்க்கார் கஜானாவுக்குப் போவது மட்டும் போதாது. அதிக விலை கொடுத்தவன் கைக்கும் பணம் திரும்ப வேண்டும்.

இவை வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லும் கோரிக்கைகள் அல்ல. 50 டாலர் சீட்டு ஒரே வருஷத்தில் மறைந்தது. வாரண்டி இரண்டு வருஷம் நீண்டது. விலைக் கூட்டாளிகள் சிறைக்குப் போனார்கள். இவற்றில் ஒன்றுகூடக் கம்பெனிகள் மனமிரங்கித் தந்ததல்ல. வாங்கியவர்கள் வாய் திறந்து கேட்டார்கள், கோர்ட்டுக்கு இழுத்தார்கள், அதனால் நடந்தது.

இன்னொன்றையும் நம் வாலிபர்கள் கவனிக்க வேண்டும். தண்டின் துடிப்பை ஏற்றியவனும் பென்சில் கோடு இழுத்தவனும் தான் கண்டதைத் தனக்குள் பூட்டி வைக்கவில்லை. எந்தச் சிப் தாங்கும், எது தாங்காது, சூட்டை எப்படிக் குறைப்பது என்று முன்பின் தெரியாதவனுக்கும் காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்தார்கள். உங்களில் யாராவது பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களென்றால், போகுமுன் விஷயம் தெரிந்த நாலு பேரைக் கேளுங்கள். அறிவித்த விலைக்கு மேல் கேட்டால், அவசரமில்லையென்றால் வாங்காமல் திரும்புங்கள். அடுத்து வாங்கப் போகிறவருக்கு நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். ஒருவனைத் தனியே பிடித்து ஏமாற்றுவது கம்பெனிக்குச் சுலபம், ஊரே பேசிக்கொண்டு வந்தால் அவ்வளவு சுலபமல்ல.