பத்தடிக் கழியைப் பிடுங்காதீங்கப்பா!

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள குடையுற மேட்டர் இது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தெரியாத மக்களுக்கு ஒரு வரி: ஒருத்தர் கதையை நடத்துவார், மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா மாறி, என்ன செய்யறோம்னு வாயால சொல்லி, பகடை உருட்டி ஆடுவாங்க. அதுல 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்'னு ஒரு கல்லறை சாகசம். கேரி கைகாக்ஸ் எழுதினது. 1975-ல அமெரிக்காவில் ஆரிஜின்ஸ் விழாவுல போட்டியா ஆடினாங்க, 1978-ல புத்தகமா வந்துச்சு. 'என் பாத்திரத்தை அசைச்சுக்க முடியாது'ன்னு மார்தட்டினவங்களுக்கு வெச்ச ஆப்பு.

இதை 2014-ல வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளுக்கு மாத்தறேன்னு கிளம்பற ஆளுங்ககிட்டதான் எனக்குச் சண்டை. ஒவ்வொரு பொறிக்கும் பக்கத்துல ஒரு எண் எழுதிடறாங்க. பகடையில அதைத் தாண்டினா பொறி தெரிஞ்சுடும். முடிஞ்சது வேலை! பழைய கோடை வரிக்கு வரி புது மொழிக்கு மாத்திட்டு 'கம்பைல் ஆகுதுல்ல'ன்னு சொல்ற கதைதான்.

மூலத்துல, நடைபாதையில மூடின குழிகள் இருக்கும். பத்தடிக் கழியால அழுத்திக் குத்தினா ஆறுக்கு நாலு வாய்ப்பு, குழி தெரியும். ஆனா 'குத்திப் பாக்கறேன்'னு ஆடறவன் வாயைத் திறந்து சொல்லணும். சொல்லலைன்னா விழுவான், அடியில விஷ முள்ளு. தரையில சிவப்பு ஓடு பதிச்ச வழியில கல்லறைக்காரனே துப்பு எழுதி வெச்சிருப்பான். அதைப் படிச்சு மண்டையை உடைச்சுக்கறதுதான் ஆட்டமே.

நானும் அந்த எண் தப்பைப் பண்ணினவன்தான். போன மாசம் நண்பர்களுக்கு நடத்தினேன். ஒருத்தன் உருட்டினான், 19. "கூட்டினா 26 மச்சி, என்ன தெரியுது?" குழி எங்கெங்கன்னு நான் லிஸ்ட் வாசிச்சேன். அரை மணி நேரம் வேர்க்க வேண்டிய பாதை மூணே நிமிஷம். கோடியில பச்சைப் பேய்முகம் வாயைப் பிளந்துகிட்டு இருக்கும், உள்ள எதையும் இல்லாம ஆக்கிடற கருப்பு உருண்டை. அதையும் உருட்டியே கண்டுபிடிச்சாங்க. எல்லாரும் உயிரோட, எல்லாருக்கும் கொட்டாவி.

'பாத்திரம் மகா புத்திசாலி, ஆடறவன் சாதா ஆளு, அப்ப பகடைதானே நியாயம்?'னு பின்னூட்டத்துல கும்ம வருவீங்க. நியாயமான கேள்விதான். அந்தப் புத்திக்குத் துப்பு கொடுங்க, விடையைக் கொடுக்காதீங்க. 'இங்க கல் இடுக்கு கொஞ்சம் அகலமா இருக்கு'ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்குங்க.

ஜந்துக்களோட எண்ணை மாத்துங்க, வேணாங்கலை. துப்பே இல்லாம கொல்ற இடங்களும் மூலத்துல உண்டு, அதை நானே வெட்டுவேன். ஆனா அந்தப் பச்சை மூஞ்சியைத் தொடாதீங்க. புது விதிகள்ல செத்தவனை ஒரு நிமிஷத்துக்குள்ள மூணாம் நிலை மந்திரத்தால எழுப்பிடலாம். உருண்டைக்குள்ள போனவனுக்கு உடம்பே மிச்சமில்லை, யாரை எழுப்பறது?

வர்ற சனிக்கிழமை திரும்ப நடத்தறேன், பொறி எண் எல்லாத்தையும் அழிச்சாச்சு. 19 போட்ட பயல் இப்பவே போன் பண்ணிட்டான், "கழி என்ன விலை?" அஞ்சு செப்புக்காசுதான்டா, ரெண்டா வாங்கிக்கோ.